நாற்பத்தொன்பது போடக்கூடாது

விடைத்தாள் திருத்தும் முகாமில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. யாருக்கும் நாற்பத்தொன்பது போடக்கூடாது. ஐம்பது எடுத்தால் பாஸ். ஒரே ஒரு மார்க் குறைவில் நிறுத்தினால் மறுமதிப்பீடு கேட்பார்கள், முகாமுக்கே தலைவலி. அதனால் ஒன்று கூட்டிவிடு, இல்லை ஒன்று குறைத்துவிடு.

எபநேசருக்கு இது முதல் முகாம். பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷம் புவியியல் நடத்திவிட்டு, ஐம்பது வயதில் கல்லூரி ஆசிரியராக வந்தவர். தலைமைத் தேர்வாளர் மெஹருன்னிஸா அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர். ஆனால் எபநேசரின் ஆராய்ச்சிக்கு அந்த அம்மாள்தான் வழிகாட்டி. அவர் வாய் நிறைய "மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

காலையில் கொடுத்த விடைத்தாள் கட்டில் ஒரு தாள் சரியாக நாற்பத்தொன்பதில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று முறை கூட்டிப் பார்த்தார். எழுந்திருப்பேனா என்றது.

"மேடம், இதை என்ன செய்யட்டும்? கூட்டவா, குறைக்கவா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

எபநேசர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் எம்.ஏ. படிக்கும்போது ஒரு பேப்பர்ல நாற்பத்தெட்டு, மேடம். ஒரு வருஷம் போச்சு. வீட்ல யார் முகத்தையும் பார்க்க முடியல. என் தகுதி அவ்வளவுதான்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன். இங்க வந்துதான் இந்தச் சட்டமே தெரியுது."

தாளை மேடம் பக்கம் நகர்த்தினார்.

மெஹருன்னிஸா அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டு வாங்க சார். சாயங்காலம் பேசலாம்."

சாப்பிட்டு வந்தபோது மழை பிடித்திருந்தது. கண் சொருகியது. எல்லாத் தாளிலும் அதே கேள்விக்கு அதே விடை, தென்மேற்குப் பருவக்காற்று. புரட்டப் புரட்டக் காற்று வீசியது. தாளிலிருந்து வருகிறதா ஜன்னலிலிருந்து வருகிறதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நீல மை மேகங்கள் வரிசையாக மலை ஏறின. ஒரு தாளில் யாரோ, 'மலையைத் தாண்டிய காற்று வெறுங்கையோடு இறங்குகிறது' என்று எழுதியிருந்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளைக்குத் தாராளமாகப் போட்டார். ஐம்பத்தேழு.

முதல் மதிப்பீட்டில் தாளின்மேல் பேனா படக்கூடாது, மார்க்கைத் தனிப் பட்டியலில்தான் எழுத வேண்டும். கடைசியில் எண்களைச் சரிபார்த்தபோது இருபது இருக்க வேண்டிய கட்டில் இருபத்தொன்று இருந்தது. ஐம்பத்தேழு வாங்கிய தாளின் எண் காலைப் பட்டியலிலும் இருந்தது. அதற்கு நேரே பென்சிலில் நாற்பத்தொன்பது.

அவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"மேடம், இந்தத் தாள் மறுபடி என் கட்டுக்குள்ள..."

"நான்தான் வச்சேன்."

"அந்த வரி காலையிலயும் இருந்திருக்கு. நான் பார்க்கவே இல்லையே! இப்ப எது சரியான மார்க்?"

"ரெண்டுமே உங்க மார்க் சார். ஒண்ணு பசியில வாங்கினீங்க, ஒண்ணு தூக்கத்துல வாங்கினீங்க. எழுதின பிள்ளைக்கு இன்னும் யாரும் போடலை."

எபநேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார். படிக்கத் தொடங்காமல் நிமிர்ந்தார்.

"அப்ப, என்னோட நாற்பத்தெட்டு?"

"அதை நீங்க வாங்கவே இல்லையே சார். அன்னைக்குத் திருத்தினவர் வாங்கினது அது."