ஆள் கண் படாத ஏரி

கல்யாண வீடுகளில் சமைக்கிற இசக்கியம்மாளுக்கு நாற்பத்துநாலாவது வயதில் எண்ணெய்ச் சட்டி சரிந்து இடப்பக்கம் வெந்துபோனது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும். ஆறு மாதத்தில் புண் ஆறியது. ஆறிய தோல் சுருங்கி, தோளை இழுத்துப் பிடித்துக்கொண்டது. இடது கை காதுக்குமேல் எழும்பவில்லை.

“நீந்துங்கம்மா. சும்மா இருந்தா கை இப்படியே நின்னுரும்” என்றார் டாக்டர்.

அப்படித்தான் பகவதியிடம் வந்தாள். பகவதி பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். இசக்கியம்மாளைவிட ஒன்பது வயது இளையவள். ஆனாலும் இவளுக்கு அவள் டீச்சர்தான்.

“நாளைக்குக் குளத்துக்கு வாங்கக்கா. ஆரம்பிச்சிரலாம்.”

“குளம் வேண்டாம் டீச்சர். நாலு பேரு பாப்பாங்க. ஆள் கண் படாத தண்ணி எங்கயாவது இருக்கா?”

பகவதி சன்னல் வழியே மலையைப் பார்த்தாள்.

“இருக்கு. மலையில ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு ஏரி. ரொம்ப நடக்கணும். பாறையில தொத்தி ஏறணும். ஒங்க கைக்கு முடியுமா?”

“முடிய வைக்கேன்.”

மறுநாள் வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். ஒன்றரை மணி நேர நடையில் முதல் ஏரி வந்தது. தெளிந்த தண்ணீர். கரையில் ஒருவர் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு எருமையைத்தான் பாக்காருக்கா.”

“இல்ல டீச்சர். இன்னும் மேல போவோம்.”

அதற்குமேல் பாதை இல்லை. காய்ந்த ஓடையில் உருண்டைக் கற்களின்மேல் தாவித் தாவிப் போனார்கள். இரண்டாவது ஏரியின் அக்கரையில் இரண்டு பெண்கள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இசக்கியம்மாள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

“இன்னும் மேல ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே.”

“அதுக்குச் செங்குத்தா ஏறணும்க்கா.”

“ஏறுவோம்.”

கடைசிப் பாறை இரண்டு ஆள் உயரம். பகவதி முதலில் ஏறி, மேலே குப்புறப் படுத்துக்கொண்டு வழி சொன்னாள்.

“வலது கால அந்த வெடிப்புல வைங்க. இடது கைய மேல போடுங்க.”

“இடது கை எழும்பாதே டீச்சர்.”

“பிடிக்கிறதுக்கு அங்க மட்டுந்தான் இடம் இருக்கு.”

இசக்கியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டினாள். தோல் நெருப்பாக இழுத்தது. கால் வழுக்கிக் கீழே வந்து விழுந்தாள். முட்டியில் ரத்தம் கசிந்தது.

“கை குடுக்கட்டா?”

“வேண்டாம்.”

மறுபடி ஏறி, மறுபடி சறுக்கினாள். மூன்றாவது தடவை இடது கை விரல்கள் பாறை விளிம்பைக் கவ்விக்கொண்டன. எப்படி மேலே வந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

மூன்று பக்கமும் பாறைச் சுவர். நடுவில் கறுத்த தண்ணீர். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

பகவதி குதித்து அக்கரை வரை நீந்திப்போய்த் திரும்பினாள். இசக்கியம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“எறங்கலையாக்கா?”

இசக்கியம்மாள் சுற்றிலும் இருந்த பாறைகளைப் பார்த்தாள்.

பகவதி தண்ணீரிலிருந்து ஏறினாள். சொட்டச் சொட்ட ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் போய்ப் பார்த்தாள். உயரத்தில் ஏறி நின்று நாலு திசையும் பார்த்தாள். அவசரப்படாமல் திரும்பி வந்தாள்.

“ஒருத்தரும் இல்லக்கா.”

“தெரியும் டீச்சர். நானும் பாத்துட்டேன்.”

“பெறகு?”

“இருந்தாலும் யாரோ என் கழுத்தையே பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. ஊர்லயும் இப்படித்தான் இருந்துச்சு. இம்புட்டுத் தூரம் வந்தா இருக்காதுன்னு நெனச்சேன்.”

“பாக்கிறது யாருன்னு தெரியுதா?”

இசக்கியம்மாள் குனிந்து, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“தெரியுது.”

பகவதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூந்தலைப் பிழிந்தாள்.

“அவளும் ஒங்ககூடத்தானே அம்புட்டுப் பாறையும் ஏறி வந்தா? முட்டி சிராய்ச்சு, வேர்த்து, களைச்சுப்போய் வந்திருக்கா. கரையில உக்கார வச்சிராதீங்கக்கா. அவளையும் கூட்டிக்கிட்டு எறங்குங்க.”

இசக்கியம்மாள் கழுத்திலிருந்து முந்தானையை விலக்கினாள். எழுந்து, இடுப்பளவுத் தண்ணீர் வரை நடந்துபோய், அப்படியே முன்னால் சாய்ந்தாள்.