காட்டெருமை கெடுத்த படம்

“காட்டெருமை வந்து என் படத்தைக் கெடுத்துருச்சுங்க டீச்சர்,” என்றார் நாச்சிமுத்து. தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

ரெஜினா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“கடைசி பிலிம் ஷீட்டா அண்ணா?”

“கடைசிதாங்க.”

நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ரெஜினாவுக்கு அவர் மகள் வயது. கோபியில் இருந்த இரும்புக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, பெட்டிக் கேமரா பழக அவளைத் தேடி மலையேறி வந்தவர். “ஒரு மாசத்துல திரும்பி வந்துருவீங்க மாமா,” என்று மச்சினன் சிரித்திருந்தான்.

அவள் கேட்டது ஒன்றுதான். ஆளும் மிருகமும் இல்லாமல், மலை மட்டும் இருக்கிற ஒரு படம். கொண்டுவந்தால் மேற்கொண்டு சொல்லித் தருவாள். இல்லாவிட்டால் கீழே இறங்க வேண்டியதுதான்.

கொடுத்த ஷீட்டுகளில் ஒன்றில் வெளிச்சம் புகுந்தது. இன்னொன்றில் மூடியை உருவ மறந்தார். மிஞ்சியது இது.

“என்னதான் ஆச்சு?”

“கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக் கண்ணாடியில பாத்தேன். மலை தலைகீழா, அப்படி ஒரு அமைதியா இருந்துச்சு. ஷீட்டைப் போட்டு ஷட்டரைத் திறந்தேன். விடியக்கால மங்கல் பாருங்க, பல் விளக்கி முடிக்கிற நேரம் அது திறந்தே கிடக்கணும். அப்பப் பாத்து வருது, பக்கத்துப் புதர்லருந்து. எருமையா அது? லாரிங்க!”

“அப்புறம்?”

“விடுவனா? ஓடிப் போயி, ஏய்னு கையை ஓங்கினேன்.”

“அது?”

“மதிக்கவே இல்லீங்க. நிக்கல, திரும்பல. அது பாட்டுக்கு நடந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு.”

“நீங்க?”

நாச்சிமுத்து தோள்பையை இறக்கி வைத்தார்.

“பக்கத்துல போனப்பத்தான் அதோட உசரம் தெரிஞ்சுது. அப்புறம் கால் வரலீங்க. ஓங்கின கையோட அப்படியே நின்னுட்டேன். நெனப்பு வந்து ஓடியாந்து ஷட்டரை மூடினேன்.”

ரெஜினா டம்ளரை நீட்டினாள்.

“கழுவிப் பாக்கலாம்.”

“எதுக்குங்க மருந்தை வீணாக்கிக்கிட்டு? துணிமணி கட்டிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்.”

“டீயைக் குடிங்க அண்ணா. ஆறுது.”

இருட்டறையில் ஷீட் மருந்தில் கிடந்தது, தண்ணீரில் கிடந்தது. விளக்கைப் போட்டு, அதைக் கிளிப்பில் மாட்டினாள்.

நாச்சிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எருமை எங்கண்ணா?”

திரும்பினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். மலை இருந்தது. புல் இருந்தது. மேட்டின் வளைவு மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தது.

“காணோமுங்க!”

“அதுதான் நிக்கவே இல்லையே. எப்படிப் பதியும்?”

அவர் முகம் மலர்ந்தது. “அப்பத் தப்பிச்சேனா?”

ரெஜினா ஷீட்டின் நடுவில் விரலைக் காட்டினாள்.

அங்கே ஒரு ஆள். வெள்ளைச் சட்டை நெகட்டிவில் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு கை ஓங்கியபடி.

நாச்சிமுத்து குனிந்து தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

அவள் அலமாரியிலிருந்து புது ஷீட் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“மலை நல்லாத்தான் வந்திருக்கு. முன்னால நிக்கறவரை மட்டும் கொஞ்சம் நகரச் சொல்லுங்கண்ணா.”