தலைக்கு இவ்வளவு

"நாம ஏன் இப்படிப் பின்தங்கிப் போனோம், அம்மா?"

கேட்டவர் திருமேனி, நெடுந்திட்டு என்ற குட்டித் தீவு நாட்டின் திட்ட அதிகாரி. வயது அறுபத்திரண்டு. கேட்கப்பட்டவள் நீலாயி. வயது முப்பத்தைந்து, படகு ஓட்டிப் பிழைப்பவள். அவளை அவர் குருவாக ஏற்றுக்கொண்டது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் சிரிப்பார்கள். அதிகாரிக்கு அதைவிடப் பெரிய பயம் ஏது?

படகில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை விரித்தார். அதில் இரண்டு கோடுகள். முப்பது வருடத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியிருந்தன. நெடுந்திட்டின் கோடு தரையோடு தவழ்ந்தது. பக்கத்து நாடான வெண்திட்டின் கோடு விறுவிறுவென்று ஏறியது.

"தீவு முழுக்க ஒரு வருஷத்துல விளைஞ்சது, எடுத்தது, செஞ்சது எல்லாத்தையும் கூட்டி, இருக்கிற ஆட்களால வகுக்கணும். தலைக்கு இவ்வளவுன்னு வரும். அவங்களுக்கு நம்மளை விட நூறு மடங்கு!"

"என்ன செஞ்சாங்க?"

"மலையைக் கம்பெனிக்குக் கொடுத்தாங்க. வெள்ளை மண்ணு, உரத்துக்குப் போகுது. நம்ம மலையையும் கேக்கிறாங்க. நாளைக்கு மத்தியானம் நான் முத்திரை வெக்கணும். எண்பது வருஷ ஒப்பந்தம். ஆறாயிரம் பேரோட பிழைப்பு. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெக்கலாம்னு வந்தேன்."

"நீங்க அங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"எதுக்குப் போகணும்? வருஷா வருஷம் அங்கேருந்து கணக்குக் காகிதம் வருதே."

நீலாயி எழுந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"எங்கம்மா?"

அவள் இயந்திரத்தை முடுக்கினாள்.

மூன்று மணி நேரத்தில் வெண்திட்டு வந்தது. துறையில் யாரும் இல்லை.

திருமேனி தெருவில் நடந்தார். கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் தொட்டில் கட்டியபடியே தொங்கியது. கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தவர் துப்பினார். உப்பு.

மலை இருந்த இடத்தில் பெரும் பள்ளம். அதற்குள் எங்கோ ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

காவல் கொட்டகையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். "வாங்க, வாங்க! வெளியாள் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு! நான் அருளப்பன்."

"ஊர்ச் சனங்க எங்கே?"

"மலை போனதும் மழைத்தண்ணி நிக்கலை சார். கிணறெல்லாம் உப்பாயிடுச்சு. கப்பல் கப்பலாக் கிளம்பிட்டாங்க. என் சம்சாரம், பிள்ளைங்களும்தான்."

"இப்போ எத்தனை பேர்?"

"என்னோட சேர்த்துப் பதினொண்ணு."

திருமேனி தன் காகிதத்தை எடுத்து ஏறுகிற கோட்டைப் பார்த்தார்.

"அந்தக் கணக்குக் காகிதம்... வருஷா வருஷம் வருதே, அது?"

"நான்தான் எழுதி அனுப்புறேன். இங்க பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தேன். பிள்ளைங்க இல்லாமப் போனதும் கம்பெனியில காவல் வேலை கொடுத்தாங்க. அதுல ஒரு பொய் கிடையாது சார். எடுக்கிற மண்ணைப் போடுவேன், இருக்கிற ஆளால வகுப்பேன். அவ்வளவுதான்."

"இத்தனை பேர் போனதை எழுதலையா?"

"அந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

உள்ளே சுவர் முழுக்கக் கடிதங்கள், வரிசையாக ஆணியடித்து மாட்டியிருந்தன. எல்லாவற்றின் அடியிலும் ஒரே கையெழுத்து. அது யாருடையது என்று திருமேனி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அருளப்பன் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "நெடுந்திட்டுல ஒரு பெரிய அதிகாரி. நல்ல மனுஷர். மறக்காம எழுதுவார். இது என் சம்சாரம் கிளம்பின வருஷம் வந்தது."

திருமேனி படித்தார்: 'தங்கள் நாட்டின் மாபெரும் முன்னேற்றத்துக்கு மனமார்ந்த வாழ்த்துகள். தங்கள் வழியில் நாங்களும் வர விரும்புகிறோம்.'

திரும்பி நீலாயியைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊர் சார்?" என்றார் அருளப்பன்.

"நெடுந்திட்டு."

"அப்படியா! அங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஆறாயிரம்."

"ஆறாயிரமா!" அருளப்பன் உச்சுக்கொட்டினார். "அத்தனை பேரை வெச்சுக்கிட்டு எப்படி சார் முன்னேறுவீங்க?"