பொய்க்குக் கிறீச்சிட்ட சிம்மாசனம்

கருவேலங்கோட்டைச் சீமையை வன்னிமுத்து ராஜா ஆண்டார். ஆண்டார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அந்த உட்காருவதிலும் ஒரு வில்லங்கம் வந்தது. சபை நடுவில் சிம்மாசனம் திடீர் திடீரென்று கிறீச்சிட ஆரம்பித்தது.

பண்டிதர்கள் கூடினார்கள். மரத்துக்குள் சனி புகுந்து உட்கார்ந்துவிட்டான் என்றார் சோதிடர். சத்தம் என்றால் வாயிலிருந்துதானே வரும் என்று யோசித்த வைத்தியர், கைப்பிடியில் செதுக்கியிருந்த இரண்டு சிங்கங்களின் வாயிலும் நெய்யைத் தடவினார். சிங்கங்கள் குணமாகவில்லை. எறும்புகள்தான் சாரி சாரியாக வந்து ராஜாவைக் கடித்தன. அந்தச் சிம்மாசனத்தைச் செய்த சங்கிலி ஆசாரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆனால் ஒரு தச்சனைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் அப்புறம் பண்டிதர் என்ற பட்டம் எதற்கு? யாரும் கேட்கவில்லை.

பிரதானி பரமானந்தர் மட்டும் இதில் ஒரு லாபம் கண்டார். இது பழுதில்லை மகாராஜா, தர்மதேவதை பேசுகிறாள், முன்னால் நிற்பவன் பொய் சொன்னால் ஆசனம் கிறீச்சிடுகிறது என்று சொன்னார். ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. யோசிக்கிற வேலையை நாற்காலி பார்த்துக்கொண்டால் யாருக்குத்தான் கசக்கும்? அன்று முதல் சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. கிறீச்சிட்டால் பொய்யன்.

அதிசயம் பாருங்கள், பிரதானியின் ஆட்கள்மேல் யார் முறையிட்டாலும் தவறாமல் கிறீச்சிட்டது.

ஒருநாள் சங்கிலி ஆசாரியே முறையிட வந்தார். தன் கிணற்றைப் பிரதானியின் மைத்துனர் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்றும், வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றும் சொன்னார். பிரதானி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ராஜாவிடம் என்னவோ கிசுகிசுத்தார்.

கிறீச்.

“பொய்யன். பொழுது சாய்வதற்குள் பெண்டு பிள்ளைகளோடு எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்” என்றார் ராஜா.

ஆசாரி சிம்மாசனத்தையே வெறித்துப் பார்த்தார். தன் கையால் இழைத்த மரமே தன்னைப் பொய்யன் என்கிறதே. அப்போது சபையின் ஓரத்திலிருந்து மாடக்கண்ணு எழுந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்று வைத்திருந்த ஆள். அதனால் உண்மை பேச அவனுக்கு மட்டும் கொஞ்சம் இடம் இருந்தது.

“மகாராஜா, தர்மதேவதையிடம் நானும் நாலு வார்த்தை பேசிப் பார்க்கலாமா?”

ராஜா தலையசைத்தார். மாடக்கண்ணு முன்னால் வந்து கைகட்டி நின்றான்.

“நம் வைத்தியர் கைபட்டு இதுவரை ஒருவரும் செத்ததில்லை.”

சபை காதைத் தீட்டிக்கொண்டது. சத்தமே இல்லை.

“நம் சோதிடர் சொல்லி மழை வராமல் போனதில்லை.”

அதற்கும் சத்தமில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நம் பிரதானி அடுத்தவன் சொத்தை ஏறெடுத்தும் பார்க்காதவர்.”

சிம்மாசனம் கல்லாக இருந்தது. பிரதானி முகத்தில் புன்னகை படர்ந்தது. மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“இப்போது ஒரு மெய் சொல்கிறேன். ஆசாரியின் கிணற்று வேலிக்கு அடித்த முளைகள், பிரதானி ஐயா தோப்பில் வெட்டிய மரம். போன வாரம் வண்டியில் ஏற்றியதை நானே பார்த்தேன்.”

பிரதானி ராஜாவின் பக்கம் நெருங்கினார். பழக்கதோஷம், துண்டு தானாக வாய்க்குப் போனது. கருவேலங்கோட்டையில் ஒரு மரியாதை உண்டு: ராஜாவின் ஆசனத்துக்கு மேல் யாரும் குனியக் கூடாது. ரகசியம் சொல்ல வேண்டுமானால் சொல்பவர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், ராஜாதான் தலை சாய்த்துச் செவி கொடுக்க வேண்டும். ராஜாவும் பழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்தார்.

கிறீச்.

“அப்படியே இருங்கள் மகாராஜா,” என்றான் மாடக்கண்ணு. “இப்போது நிமிருங்கள்.”

ராஜா நிமிர்ந்தார்.

கிறீச்.

“இன்னொரு தடவை சாயுங்கள்.”

கிறீச்.

“என்னடா இது, யாருமே பேசவில்லையே?” என்றார் ராஜா.

“பொய் மெய்யெல்லாம் அதற்குத் தெரியாது மகாராஜா. பிரதானி ஐயா வாய் திறந்தால் நீங்கள் சாய்கிறீர்கள். நீங்கள் சாய்ந்தால் அது கத்துகிறது. நடுவில் தர்மதேவதையை எதற்கு இழுக்கிறோம்?”

பிரதானி குறுக்கே புகுந்தார். கோமாளி பேச்சைக் கேட்டுத் தெய்வ ஆசனத்தைச் சோதிக்கலாமா, சாஸ்திரம் என்ன ஆகும் என்று பதறினார். மாடக்கண்ணு அவர் பக்கம் திரும்பவேயில்லை. ராஜாவை எழச் சொல்லி, ஆசாரியும் அவனுமாகச் சிம்மாசனத்தைக் கவிழ்த்தார்கள். மூன்று கால்கள் அன்று அடித்ததுபோல் இறுகியிருந்தன. இடப்பக்கப் பின்கால் மட்டும், சட்டத்தில் செருகியிருந்த இடத்தில் தேய்ந்து, கிழவன் பல்போல ஆடியது.

ஆசாரி புளியங்கட்டையில் மெல்லிய ஆப்பு ஒன்று சீவினார். தேன்மெழுகு பூசிச் செருகி, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினார். ராஜா உட்கார்ந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்து பார்த்தார். சத்தமில்லை. இத்தனை மாதப் பண்டிதம் இரண்டு தட்டில் முடிந்துவிட்டது.

“மறுபடி ஆடாதே?” என்று ராஜா ஆசாரியைக் கேட்டார்.

“ஒரே பக்கம் பாரம் விழாமல் இருந்தால் ஆடாது சாமி.”

ராஜா பிரதானியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கொஞ்சம் வெட்கமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. தண்டனை ரத்து என்றார். வேலியைப் பிரதானியின் மைத்துனரே தன் கையால் பிடுங்கிப் போட வேண்டும் என்றார். மாடக்கண்ணுவுக்குத் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்திவிட்டு, இனி என்ன செய்யலாம் சொல் என்றார்.

“பிரதானி ஐயா அந்தத் தூண் பக்கம் நின்று, சபை கேட்க உரக்கப் பேசட்டும் மகாராஜா.”

அப்படியே உத்தரவானது. பிரதானி தூணருகே போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார். துண்டைச் சரிசெய்தார். சபை முழுக்கக் காத்திருந்தது.

உரக்கச் சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை.