கிளட்ச் தேய்ந்த நிச்சயதார்த்தக் கார்

ஊசிப்பாளையத்துக்காரர்களிடம் எந்த வேலையையும் பாதி சொல்லி விட்டுவிடக் கூடாது என்பார்கள். முழுதாகச் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. மெக்கானிக் யாகூப் பாய் அவர்களில் ஒருவர்.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு வயது முப்பத்து நான்கு. இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போய், மூன்றாவதாகக் கோம்பைமேட்டில் செண்பகவல்லி அமைந்திருந்தாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை நிச்சயம். பெண்ணின் அப்பா சீரங்கன் கறாராகச் சொல்லியிருந்தார்: "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வந்து தட்டு மாத்திடணும். இல்லேன்னா பன்னெண்டுக்கு மேல வேற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க."

கார், தாய்மாமன் சடையப்பனுடையது. மாமா வண்டி ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார். கேட்டால், "சும்மா இருக்கிற காலுக்கும் ஒரு இடம் வேண்டாமா?" என்பார். நிச்சயத்தன்று காலையில் இன்ஜின் ஊருக்கே கேட்கும்படி உறுமியது. வண்டி மட்டும் எருமை மாதிரி நகர்ந்தது. வெளியூர் போயிருந்த பாய்க்குப் போன் போட்டார்கள்.

"ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கிட்டு, மூணாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் அணையணும். அணையலேன்னா கிளட்ச் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

மாமா அப்படியே செய்தார். இன்ஜின் அணையவில்லை.

"அணையணும்னு பாய் சொன்னாரே மாமா," என்றான் நல்லதம்பி. இவன் பூவலிங்கத்தின் அக்கா புருஷன்.

"சொன்னாருல்ல? அப்ப செஞ்சிடணும் மாப்ள." மாமா சாவியைத் திருப்பினார். "அணைஞ்சிருச்சு பாய்!"

"அப்ப கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. தைரியமா கிளம்புங்க."

கோம்பைமேட்டுக்கு ஒரு பர்லாங் இருக்கும்போது, செங்குத்தான ஏற்றத்தில், தைரியம் தீர்ந்தது. இன்ஜின் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை, கருகின வாடை மூக்கைத் துளைத்தது. மணி பத்து. மறுபடியும் போன்.

"கிளட்ச் மேலயே காலை வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டார் பாய்.

"எப்பவும்."

"அடப்பாவமே, அதான் தேஞ்சிருக்கு! இனிமே காலைக் கொண்டுபோய் அதுமேல வைக்காதீங்க. ஒரு ஆளைக் குறைச்சு, ரிவர்ஸ் கியர் போட்டு ஏத்துங்க. அதுக்குத்தான் இழுவை ஜாஸ்தி."

போனை வைத்ததும் ஆலோசனை நடந்தது.

"கால் வைக்கக் கூடாதுன்னா கிளட்சை எப்படி அமுக்குறது?" என்றார் மாமா.

"கையால அமுக்கலாமே. கை வைக்காதேன்னு பாய் சொல்லலை," என்று நல்லதம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவின் காலடியில் குந்தினான்.

"ஓட்ட நான் வேணும். அமுக்க மாப்ள வேணும். வேலை இல்லாம உக்காந்திருக்கிறது யாரு?"

இருவரும் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"மாமா, நிச்சயமே எனக்குத்தான்!"

"அதை யாரு இல்லேன்னது? நாங்க முன்னாடி போய் நல்ல நேரத்துல தட்டை மாத்திடறோம். நீ பொறுமையா வா, மருமகனே."

பட்டுச் சட்டையோடு பூவலிங்கம் இறங்கினான். காரைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கமாக ஏற்றினார்கள். "அமுக்கு! விடு!" என்று மாமா கத்த, கார் முனகிக்கொண்டு ஏறியது. பொறுக்க முடியாமல் பூவலிங்கம் முன்னால் போய்ப் பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துத் தள்ளினான்.

வாசலில் காத்திருந்த சீரங்கன் பார்த்தார். காரின் முகம் கீழே பார்த்திருந்தது. மாப்பிள்ளை அதன் குறுக்கே நின்று, வேர்த்து விறுவிறுத்து, வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க! மாப்பிள்ளை தங்கம்யா! போற வண்டியை ஒத்தை ஆளா மறிச்சு நிக்கிறாரு பாரு!"

ஓடி வந்து காரின் பின்பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "என்ன குறைன்னாலும் பேசித் தீர்த்துக்கலாம் சம்பந்தி!"

பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாறியது. பன்னிரண்டு மணிக்காரர்களை வர வேண்டாம் என்று சீரங்கனே போனில் சொல்லிவிட்டார். செண்பகவல்லி காபி கொடுத்தபோது பூவலிங்கம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கார் சம்பந்தத்துக்கு ஆகாது என்று, சீரங்கன் ஆட்களை விட்டு அதை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். சாயங்காலம் மூவரும் ஏறிக்கொண்டார்கள்.

"இறக்கம்தானே மாமா, திருப்பிக்கிட்டு நேரா போலாமே?" என்றான் பூவலிங்கம்.

"பாய் ரிவர்ஸ் போடச் சொன்னாரு. எடுக்கச் சொல்லலையே."

கார் வீட்டைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தது. பெண் வீட்டார் வாசலில் நின்று பார்த்தார்கள். செண்பகவல்லி கேட்டது பூவலிங்கத்தின் காதில் விழுந்தது.

"அப்பா, அவங்க போறாங்களா, வர்றாங்களா?"

"மூஞ்சி இந்தப் பக்கந்தானே இருக்கு? வர்றாங்க. சீக்கிரம் போய்க் காபியை அடுப்புல ஏத்து, தாயி!"