பதற்ற வகைக் குருவி

மலைக்காட்டுக் குளத்தின் கரையை ஆடி மழைக்குள் உயர்த்தியாக வேண்டும். காட்டுப்பன்றி மண்ணைத் தோண்டியது. யானை அதைச் சுமந்து கொட்டியது. ஆமை மேலே ஏறி இறங்கி அழுத்தியது. ஆள்காட்டிக் குருவிக்குக் காவல் வேலை. கரைக்குக் கீழே வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டிருந்ததால், அது வேறெங்கும் போகவும் முடியாது.

வேலையைவிடச் சண்டைதான் அதிகம் நடந்தது.

“இந்த ஆமை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான்” என்றது பன்றி.

“உனக்கு முட்டித் தள்ள மட்டும்தான் தெரியும்” என்றது ஆமை.

“இரண்டு பேரும் வாயை மூடுங்கள்! அங்கே விரிசல் விடுகிறது!” என்று குருவி கத்தியது.

மேஸ்திரி யானைக்குத் தலைவலி. பக்கத்துக் காட்டிலிருந்து கீரியை வரவழைத்தது. பத்துக் கேள்வி கேட்டே யார் எப்படிப்பட்டவர் என்று கீரி சொல்லிவிடுமாம்.

“வழியில் பாம்பு வந்தால் என்ன செய்வீர்கள்?”

“மிதிப்பேன்” என்றது பன்றி.

“ஓட்டுக்குள் போய்விடுவேன். அது போனபிறகு யோசிப்பேன்” என்றது ஆமை.

“காட்டையே கூப்பிடுவேன்” என்றது குருவி.

கீரி ஆளுக்கொரு தேக்கிலையில் நகத்தால் கீறிக் கொடுத்தது. பன்றி முட்டும் வகை. ஆமை நிதான வகை. குருவி பதற்ற வகை. யானை தலைமை வகை. கீரியை வரவழைத்ததே யானைதான், வேறென்ன வரும்?

“அட, இவன் சுபாவமே இதுதானா? நான் வீம்புக்குச் செய்கிறான் என்றல்லவா நினைத்தேன்” என்றது பன்றி. அதன்பிறகு நான்கு நாள் வேலை நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. குளம் ஏறியது. குருவி பறந்து வந்தது.

“அக்கா, கரையடியில் தண்ணீர் கசிகிறது. நண்டு வளையாக இருக்கும்.”

யானை குருவியின் இலையைப் பார்த்தது. “நீ பதற்ற வகை, கண்ணு. உன்மேல் தப்பில்லை. கொஞ்சம் மூச்சை இழுத்து விடு.”

மதியம் குருவி மறுபடி வந்தது. “அக்கா, இப்போது மூங்கில் பருமனுக்கு ஒழுகுகிறது. என் முட்டைகள் அங்கேதான் இருக்கின்றன.”

“பார்த்தீர்களா, காலையில் கசிவு, இப்போது மூங்கில். சாயங்காலம் ஆறே ஓடும்” என்று பன்றி சிரித்தது. யானையும் சிரித்தது.

குருவி மூன்றாம் முறை யானையிடம் போகவில்லை. நேரே ஆமையிடம் போனது.

“நீ போய்ச் சொல். நான் சொன்னால் யார் காதிலும் ஏறாது. வேண்டுமானால் உன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போ.”

ஆமை பார்த்தது. பார்த்துவிட்டுக் கிளம்பியது. எவ்வளவு வேகமாக நடந்தாலும் அது ஆமை நடைதானே.

“அக்கா, கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டு ஒரு நடை கரையடிக்கு வாருங்களேன். கொஞ்சம் சரியில்லை.”

“நிதான வகையே சரியில்லை என்கிறதா?” யானை சுமந்த மண்ணைப் போட்டுவிட்டு ஓடியது. வளையின் வாயில் காலை வைத்து அடைத்தது. பன்றி மண்ணை முட்டித் தள்ளியது. கரை நின்றுவிட்டது.

ஆனால் நான்கு முட்டைகளில் இரண்டைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது.

“தப்பு என்னுடையதுதான்” என்றது யானை. குருவி மிச்சமிருந்த இரண்டின்மேல் போய் உட்கார்ந்தது.

மழைக்கு அங்கேயே தங்கிவிட்ட கீரியிடம் யானை பாய்ந்தது. “எல்லாம் நீ கொடுத்த இலையால் வந்த வினை.”

“அவள் எப்படிப் பேசுவாள் என்றுதான் எழுதினேன். அவள் பேசுவது நிஜமா இல்லையா என்று எழுதினேனா?” என்றது கீரி. “அதை எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டும். உங்கள் காலுக்கு நாலடி தூரம்.”

கூட வேலை செய்பவரின் சுபாவம் தெரிந்துவிட்டது என்பதற்காக, அவர் சொல்லும் சேதியைக் காது கொடுத்துக் கேட்காமல் விடுகிறவர் மடையர்.