நாய்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்த வடிவு

அந்தக் காலத்தில், கோழியும் மாடும் ஓணானும்கூட மனுஷரோடு மனுஷராக வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், நாய்க்கு இரண்டு வேலை. உட்கார்ந்திருந்தால் பேசும். எழுந்து நின்றால் குரைக்கும். இதில் சங்கடம் என்னவென்றால், அந்தக் காலத்து நாய்கள் உட்காரவே உட்காராது.

ஆவாரங்குளம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் உலகம்மாள் வீடு, அந்தப் பக்கம் கொம்பையா வீடு. உலகம்மாளுக்குப் புருஷன் இல்லை. வடிவு என்று ஒரே மகள். கொம்பையா தனிக்கட்டை. அவருக்குப் பிள்ளை குட்டி எல்லாமே மூன்று நாய்கள்தான். சுக்கு, மிளகு, திப்பிலி என்று ஆசையாகப் பேர் வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் பகை ஒன்றும் கிடையாது. இங்கே உறைமோர் இல்லையென்றால் அங்கேயிருந்து வேலிக்கு மேலே வரும். அங்கே அடுப்பு அணைந்தால் இங்கேயிருந்து கங்கு போகும். ஆனால் கங்கு கொண்டுபோகிற கையைப் பார்த்தும் அந்த மூன்றும் குரைக்கும். தினம் பார்க்கிற கைதானே என்று ஒரு நாளாவது விடுமா? விடாது.

முருங்கைப்பூ உதிர்ந்தால் குரைக்கும். உதிராவிட்டால், ஏன் இன்னும் உதிரவில்லை என்று குரைக்கும். சுக்கு குரைத்ததைக் கேட்டு மிளகு குரைக்கும். மிளகு ஏன் குரைக்கிறது என்று விசாரிக்கத் திப்பிலி குரைக்கும். உலகம்மாள் வீட்டு அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து வந்து, “யம்மா, இந்தச் சத்தத்துல குஞ்செல்லாம் வெளிய வர மாட்டேங்குது. உள்ளயே இருந்துக்கிடுதோம்னு சொல்லுது” என்று அழுதது.

பொறுக்க முடியாமல் உலகம்மாள் ஒரு நாள் வேலி ஓரம் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, ஒங்க நாய்கள கொஞ்சம் அடக்கி வையுங்க. காது ரெண்டும் போச்சு.”

கொம்பையா காதைச் சொறிந்துகொண்டே வந்தார். “நாய்னா குரைக்கத்தான் செய்யும் தங்கச்சி. குரைக்காம, பாட்டா பாடும்?”

“குரைக்கட்டும். வேண்டாங்கல. நடுவுல மூச்சு விடுறதுக்காவது நிறுத்தக் கூடாதா?”

“எனக்கு ஒண்ணும் தெரியலயே! இந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குக் கண்ணே அசருது” என்றார் கொம்பையா. உண்மைதான். காலைக்கஞ்சி குடித்துவிட்டு ஒரு தூக்கம் போடுகிற மனுஷன் அவர். மூன்று நாயும் குரைக்கக் குரைக்க, தொட்டில் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். நல்ல மனுஷன்தான், ஆனால் அடுத்த வீட்டுக் காது அடுத்த வீட்டுக்காரருடையது என்பது மட்டும் அவருக்குப் புரியவே இல்லை.

இதுவரைக்கும் சரி, காதோடு போச்சு. வடிவைப் பெண் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை.

முதலில் கிழக்கே இருந்து ஒரு குடும்பம் தேங்காய் பழத்தோடு வந்தது. மூன்று நாயும் வேலியைத் தாண்டி வந்து சுற்றி நின்று குரைத்த குரையில், மாப்பிள்ளையின் அம்மா கிளுவை முள்ளில் சேலையைக் கொடுத்துவிட்டு, “பொண்ணு கேக்க வந்த இடத்துல நல்ல மரியாதைடா சாமி” என்று திரும்பிப் போனாள். அடுத்து வந்தவர்கள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. குளத்தங்கரையில் நின்று சத்தத்தைக் கேட்டார்கள், அப்படியே போய்விட்டார்கள்.

உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வடிவுக்கு அப்போதெல்லாம் பெரிய கவலை இல்லை. வந்தவர்கள் யாரையும் அவள் மனதில் நினைக்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறவன் மயிலேறும்பெருமாள் என்று தெரிந்ததும் நாளெல்லாம் வேலிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலேறும்பெருமாள் சந்தையில் கருப்பட்டி விற்கிறவன். ஒரு தரம் இவள் கொசுறு கேட்டபோது, கொசுறாக ஒரு முழுக் கருப்பட்டியையே எடுத்துக் கொடுத்துவிட்டு, காதுவரை சிவந்து போனவன். அன்றிலிருந்து வடிவு அந்தக் கருப்பட்டியைத் தின்னாமல் அடுக்குப்பானையில் வைத்திருக்கிறாள். எறும்பு வேறு மொய்க்கிறது.

“யம்மா, இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். இனி யாரும் வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள்.

உலகம்மாள் பயந்து போனாள். எதிலும் குறை வரக்கூடாது என்று ஊரெல்லாம் போய்ச் சொன்னாள். அங்காளி பங்காளிக்குச் சொன்னாள். அடைக்கோழியைக் கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமை முத்தத்தைக் கிளறிப் போட்டுராதே தாயி” என்றாள். எருமையிடம், “அன்னிக்கு மட்டும் வாசல்ல சாணி போடாதே” என்றாள். அது “பாக்குதேன்” என்றது. நாய்களுக்கு மட்டும் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றி ஒரு சட்டி சோற்றைப் பிசைந்து வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள். மூன்றும் சட்டியை நக்கித் துடைத்தன. அப்புறம் குரைத்தன பாருங்கள்! வயிறு நிறைந்த தெம்பில் பக்கத்து ஊருக்கே கேட்டது.

மறுநாள் வடிவு தானே வேலியைத் தாண்டிப் போனாள். மூன்றும் பாய்ந்து வந்து குரைத்தன. ஓட மனமில்லாமல், என்ன செய்வது என்றும் தெரியாமல், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நாய்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லெடுத்தவர்களைப் பார்த்திருக்கின்றன, ஓடினவர்களைப் பார்த்திருக்கின்றன. எதிரே வந்து உட்கார்ந்தவர் யாரும் இல்லை. ஒருத்தி உட்கார்ந்தபிறகு நாம் மட்டும் நின்றால் மரியாதையா? சுக்குதான் மூத்தது. முதலில் அது உட்கார்ந்தது. பிறகு மிளகு. திப்பிலி வாலைச் சுற்றிச் சுற்றி வந்து ஒருவழியாக உட்கார்ந்தது. உட்கார்ந்தால் பேச வேண்டியதுதானே?

“ஏன் சுக்கு இப்படி என் வாழ்க்கையைக் கெடுக்குதீங்க?” என்று கேட்டாள் வடிவு. கண்ணில் தண்ணீர் நின்றது.

“நாங்களா கெடுத்தோம்?” என்றது சுக்கு. அதற்கும் கோபம். “ஒங்க வீட்டு விசேஷத்துக்கு ஊருக்கெல்லாம் சொன்னீக. கோழிக்குச் சொன்னீக. அந்தச் சோம்பேறி எருமைக்குக்கூடச் சொன்னீக. பக்கத்து வீட்டுல இருக்கிற எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா? பொண்ணு கேக்க வாரவனா, பானையைத் தூக்க வாரவனான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சோறு மட்டும் வச்சாப் போதுமா?” என்றது மிளகு. “சொல்லணும்லா?”

“குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு” என்றது திப்பிலி. சுக்கு அதை முறைத்தது.

வடிவுக்குச் சுருக்கென்றது. நியாயமான பேச்சுதானே! அடுத்த வீட்டைக் கூப்பிடாமல் விசேஷம் நடத்தினால் மனுஷரே ஏழு தலைமுறைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அவள் எழுந்து வீட்டுக்கு ஓடினாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், மூன்று வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வந்தாள். உலகம்மாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “ஏட்டி, நாய்க்கா வெத்தலை பாக்கு வைக்கே? ஊர் சிரிக்கும்டி!” என்று கத்தினாள். வடிவு காதில் வாங்கவில்லை.

மொத்தமாகச் சொன்னால் திப்பிலிக்கு வருத்தம் வருமே என்று, ஒவ்வொன்றின் முன்னாலும் தனித்தனியாகத் தாம்பாளத்தை நீட்டினாள். “வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு ஆளுக வாராக. நீங்க அவசியம் இருந்து நடத்திக் குடுக்கணும்.” மூன்றுக்கும் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மிளகு வெற்றிலையைத் தின்றுவிட்டு வெகுநேரம் செருமிக்கொண்டிருந்தது.

சுக்கு வாலை ஒரு தரம் ஆட்டியது. “இப்படி எங்கள யாரும் கூப்பிட்டது இல்ல தாயி. கேட்டுக்கோ. யார் வந்தாலும் குரைப்போம், அது எங்க தொழில். நீங்க வீட்டுக்காரங்க வெளிய வந்து, நம்ம ஆளுதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அந்த நிமிஷமே வாயை மூடிக்கிடுதோம். அப்புறம் காலை மட்டும் மோந்து பாத்துக்கிடுவோம். எங்களுக்கு முகம் ஞாபகம் இருக்காது, கால் மறக்காது.”

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள், ஆனால் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே! மயிலேறும்பெருமாளின் அத்தை பேராச்சி, ராகுகாலத்துக்கு முன்னால் காலெடுத்து வைக்க வேண்டும் என்று வண்டிக்காரனை விரட்டி விரட்டி வந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் ஒருத்தி தலையசைத்தால்தான் கல்யாணம். அவள் உலகத்திலேயே பயப்படுவது ஒன்றே ஒன்றுக்கு. அது எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வண்டியிலிருந்து இறங்கினாள். மூன்று நாயும் எழுந்து நின்று தொழிலை ஆரம்பித்தன. பேராச்சி “ஆத்தாடி!” என்று அலறிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றுகொண்டாள். உலகம்மாள் விளக்குமாறோடு ஓடிவந்தாள். “சனியன்களா! போங்க அங்கிட்டு! வாயை மூடுங்க!” என்று வழக்கம்போலத் திட்டினாள். திட்டுக்கு என்றைக்கு அடங்கின, இன்றைக்கு அடங்க? சுக்கு கேட்ட அந்த ஒரு வார்த்தை பதற்றத்தில் அவள் வாயில் வரவே இல்லை.

“வண்டியைத் திருப்புலே!” என்று தொட்டி மேலிருந்து கத்தினாள் பேராச்சி. மயிலேறும்பெருமாள் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலையே பார்த்தபடி நின்றான். அவன் முகம் விழுந்துவிட்டது.

உள்ளே வடிவு பாதிச் சடையோடு இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் பெண் வெளியே வரக்கூடாது. வந்து வாய் திறக்கவே கூடாது. வந்தால் அடக்கம் இல்லாதவள் என்று பேர். வராவிட்டால் வண்டி போய்விடும். வண்டி போனால் அவன் போய்விடுவான். அடுக்குப்பானைக் கருப்பட்டியை எறும்பு தின்ன வேண்டியதுதான்.

வடிவு ஓடிவந்தாள். ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் அவிழ்ந்த முடி. வாசற்படியில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

“சுக்கு! மிளகு! திப்பிலி! இவுக நம்ம ஆளுக!”

சத்தம் நின்றது.

ஆவாரங்குளம் பிறந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. முருங்கைப்பூ விழுகிற சத்தம் கேட்டது. அடைக்கோழிக்கு அடியில் ஒரு முட்டை ‘டிக்’கென்று விரிகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கொம்பையா, “ஐயோ, என்ன ஆச்சு?” என்று அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து ஓடிவந்தார்.

மூன்று நாயும் மரியாதையாகப் போய், மாப்பிள்ளையின் காலை மோந்தன, வண்டிக்காரன் காலை மோந்தன. அப்புறம் தொட்டிமேல் நின்ற பேராச்சியின் காலை ஈரமூக்கால் மோந்தன. பேராச்சிக்குக் கூச்சம் தாங்கவில்லை. முதலில் “ஐயே” என்றாள். பிறகு கலகலவென்று சிரித்தாள். சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீருக்குள் ஒரு காலை விட்டுவிட்டாள்.

“ஏ மயிலேறும், கேட்டியாலே?” என்றாள் மூச்சு வாங்க. “நாம இன்னும் பொண்ணைப் பாக்கல, புடிச்சிருக்குன்னு சொல்லல. அதுக்குள்ள அவ நம்மள நம்ம ஆளுகன்னு சேத்துக்கிட்டா! இதுக்கு மேல என்னத்தப் பாக்க? தேங்காயை எடுலே!”

மயிலேறும்பெருமாள் காதுவரை சிவந்தான். வடிவு அப்போதுதான் தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். உலகம்மாள் அழுதாள், சிரித்தாள், எல்லாருக்கும் பானகம் கொடுத்தாள். நாய்களுக்கும் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் கொடுத்தாள். கொடுக்கப் போன கையைப் பார்த்துத் திப்பிலி பழக்கதோஷத்தில் ‘வள்’ என்றது.

சுக்கு உட்கார்ந்தது. கொம்பையாவை நிமிர்ந்து பார்த்தது.

“ஐயா, ஒரு சந்தேகம். இந்த உலகம்மாளும் நம்ம ஆளுதானா?”

“என்னல கேள்வி இது?” என்றார் கொம்பையா. “எத்தனை வருஷமா மோரும் கங்கும் மாத்திக்கிடுதோம்! நம்ம ஆளுதான்.”

“அப்படின்னா இத்தனை வருஷமா அதை எங்ககிட்ட ஏன் சொல்லல?”

கொம்பையா வேலியைப் பார்த்தார், உலகம்மாளைப் பார்த்தார். “அட, ஆமா தங்கச்சி, சொல்லவே இல்லையே!” என்று தலையைச் சொறிந்தார். உலகம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுக்கு அவள் காலை மோந்து பார்த்தது. அதற்கப்புறம் உலகம்மாளைப் பார்த்து அந்த நாய்கள் குரைத்ததே இல்லை.

கல்யாணத்துக்கு வந்த ஊர் ஊர் நாய்களிடமெல்லாம் சுக்கு இதைச் சொல்லி அனுப்பியது. அன்று முதல்தான், எந்த வீட்டுக்கு நாம் போனாலும் நாய் குரைப்பதும், நாம் வெளியே நின்று “கடிக்குமா?” என்று கேட்பதும், உள்ளேயிருந்து யாராவது வந்து “ஏய், நம்ம ஆளுதான்” என்றதும் அது வாயை மூடிக்கொண்டு நம் காலை மோந்து பார்ப்பதும். பக்கத்து வீட்டு நாய் வருஷக்கணக்காக உங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கிறதா? நாய் மேல் கோபப்படாதீர்கள். அந்த வீட்டில் யாரும் அதனிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.